பட்டாளமும் பந்தாட்டமும்

திருவாதவூர் என்றதும் பாண்டியன் படைக்குக் குதிரை வாங்கப் பொன்னுடன் சென்ற மந்திரியின் கதை தமிழர் நெஞ்சில் எழும். நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்து, இரவோடிரவாக மீண்டும் நரிகளாகி ஓடிய வரலாற்றை அவ்வட்டாரத்துச் சிறுவரும் அறிவர். கோடையில் கண்மாய் வற்றியதும் வெடித்த மண்ணில் பந்து உதைப்பவர்களும் இச்சிறுவர்களே. இவர்கள் கால் வலிமை தேசத்துக்குப் பயன்படுமா, வீணாகுமா என்ற கேள்விக்கு விடை காண விரும்புவோர் நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டுப் பயிற்சி நிலையத்தின் பந்தாட்ட வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம்.

கால்பந்து இந்நாட்டுக்கு வெள்ளைச் சோல்ஜர்களுடன் வந்தது. 1888-ம் வருஷம் சிம்லாவில் தொடங்கிய டூரண்டு கோப்பைப் பந்தயம் நெடுங்காலம் பிரிட்டிஷ் பட்டாளங்களின் தனிச்சொத்தாகவே இருந்தது. 1911-ல் மோகன் பகான் கோஷ்டியார், ஒருவர் நீங்கலாக ஏனையோர் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைக்கொண்டபோது தேசமே நிமிர்ந்து நின்றது. 1940-ல் முகமதன் ஸ்போர்ட்டிங் கோஷ்டியார் டூரண்டு கோப்பையையும் வென்றனர். அடக்கி ஆண்டவன் கொணர்ந்த ஆட்டத்திலேயே அவனை வென்ற பெருமை இவர்களுடையது.

சுதந்தரத்துக்குப் பின் அக்கோப்பை 1950-ல் மீண்டும் களத்துக்கு வந்தது. ஹைதராபாத் போலீசாரும் கல்கத்தாக் கோஷ்டிகளும் மாறிமாறி வென்ற அக்காலத்தில், 1955-ல் மதராஸ் ரெஜிமெண்டு நிலையத்தார் அதனை வென்றனர். சுதந்தர இந்தியாவில் டூரண்டு கோப்பையை முதன்முதல் பெற்ற ராணுவக் கோஷ்டி தென்னாட்டுச் சிப்பாய்களுடையதே. 1956-ல் கிழக்கு வங்கக் கோஷ்டிக்கும் 1957-ல் ஹைதராபாத் போலீசாருக்கும் கோப்பை போயிற்று. 1958-ல் வெலிங்டன் வீரர்கள் அதனை மீட்டனர்.

அக்கோஷ்டியின் தூண் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத் சீமையில் பிறந்து, 1953-ல் பட்டாளத்தில் சேர்ந்தவர். முன்வரிசையில் ஆடிவந்த இவரைக் கோல் காவலராக ஆக்கியது ராணுவப் பயிற்சியே. மெல்போர்ன், ரோம் ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்று, 1962-ல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற கோஷ்டியிலும் இவர் இடம்பெற்றார். ஆயின் 1960-க்குப் பின் இவரும் கல்கத்தாவின் கிளப்புகளை நாடினார். வெலிங்டனுக்கு டூரண்டு கோப்பை மறுபடி கிட்டவில்லை.

இவ்வெற்றிக்குக் காரணம் மந்திரமன்று. சமதரை மைதானம், வேளை தவறாத உணவு, கற்றுத்தர ஓர் ஆசான், ஒரே கோஷ்டியாகச் சில வருஷமேனும் சேர்ந்திருக்கும் வாய்ப்பு ஆகிய நான்கும் பட்டாளத்தில் ஏழைக் குடியானவன் மகனுக்குக் கிட்டின. கிராமத்திலோ இவற்றில் ஒன்றேனும் கிட்டுவது அரிது. 2012-ல் கட்டாக் நகரில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதிப் பந்தயத்தில் தமிழ்நாட்டுக் கோஷ்டி தோற்றது யாரிடம்? ராணுவத்தாரின் சர்வீசஸ் கோஷ்டியிடமே! 1960-61-ம் பருவத்தில் முதன்முதல் வென்ற சர்வீசஸ், அரை நூற்றாண்டு பொறுத்திருந்து அன்று இரண்டாம் முறை வென்றது. அதன்பின் 2024-க்குள் மேலும் ஐந்து முறை வென்றது. தமிழ்நாடோ 2024 வரையில் அக்கோப்பையை ஒருமுறையும் பெற்றதில்லை.

பந்தயம் நெருங்கும்போது ஆட்களைத் திரட்டி, முடிந்ததும் கலைத்துவிடும் வழக்கத்தை நாம் நரிப்பரி வித்தை என்போம். பகலில் குதிரையாகக் காண்பது விடியுமுன் காட்டுக்கு ஓடிவிடும். இலாயம் கட்டித் தீனியிட்டு வளர்த்த குதிரையே போருக்கு உதவும்.

நம் யோசனை ஒன்று உண்டு. 2022-ல் வந்த அக்னிபாத் திட்டப்படி நான்கு வருஷச் சேவை முடித்தவருள் நூற்றுக்கு 25 பேர் வரையிலேயே பட்டாளத்தில் நிலைப்பர். ஏனையோர் யௌவனம் மாறாமல் ஊர் திரும்புவர். திட்டத்தின் குணதோஷங்களை இங்கு ஆராயப் புகவில்லை. ஆனால், அரசாங்கச் செலவில் உரமேறிய அவ்வாலிபர்களைக் காவற்கூண்டுகளில் உட்கார வைத்து வீணாக்கலாகாது. அவர்களுள் ஆட்டம் அறிந்தவர்களுக்கு முறையான பயிற்சி அளித்து, தக்க ஊதியத்துடன் கிராமப் பள்ளிகளில் ஆசான்களாக அமர்த்துவது மாகாண சர்க்காரின் கடமை. ஊராட்சிகள் ஆக்கிரமிப்புக்கு இரையாகாத ஒரு மைதானத்தை ஒதுக்கட்டும். ஊர்ப் பெரியவர்கள் மாலையில் சிறுவரை அங்கே அனுப்பட்டும்.

வெலிங்டன் குன்றில் கைகூடியது திருவாதவூர்ச் சமவெளியில் கைகூடாது என்று சொல்பவர் யார்? நம் சிறுவர்களிடம் குறையில்லை, குறை நம்மிடமே. இதனை உணர்ந்து தேசத் தொண்டர்கள் இன்றே செயலில் இறங்குவார்களாக!