பிள்ளைகளுக்கு எழுதுவோருக்கு

பிள்ளைகளுக்கென்று எழுதப்படும் விஞ்ஞானப் புஸ்தகம் எதையாவது எடுத்து அதன் முதல் வரியைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் "விஞ்ஞானமாவது யாதெனில்" என்கின்ற தோரணையில்தான் ஆரம்பிக்கும். இரண்டாவது வரிக்குப் போவதற்குள் பையன் கொட்டாவி விடுகிறான். உடனே "இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் கவனமே இல்லை" என்று அவன் தலையிலேயே பழியைப் போட்டுவிடுகிறோம். குற்றம் படித்தவன் மீதா, எழுதினவர் மீதா என்று நாம் யோசிப்பதே இல்லை.

லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்னும் ஸ்தாபனத்தில் சிறுவர் சிறுமிகளுக்காகவே கிறிஸ்துமஸ் விடுமுறைப் பிரசங்கங்கள் 1825-ல் தொடங்கப்பட்டன. அவற்றில் 19 வரிசைகளை நடத்தியவர் மைக்கேல் பாரடே. 1860-ம் வருஷக் கடைசியில் அவர் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவர்த்தியேயாகும். மின்சார ஆராய்ச்சியில் உலகப் பிரசித்தி பெற்றிருந்த அவர் தமது பெருமையைச் சொல்லி ஆரம்பிக்கவில்லை. பிள்ளைகள் தினமும் வீட்டில் பார்த்தும் ஒருநாளும் யோசித்துப் பாராத ஒரு பொருளையே எடுத்துக்கொண்டார். அணைந்த திரியிலிருந்து எழும் புகையில் சற்றுத் தள்ளி நெருப்பைக் காட்டினால், அந்தப் புகை வழியாகவே தீ ஓடிவந்து திரியில் பற்றிக்கொள்ளுவதைக் காட்டினார். எரியும் சுடரிலிருந்து தண்ணீர் உண்டாவதையும் காட்டினார். மெழுகுவர்த்தியில் ஆரம்பித்த அந்த ஆறு பிரசங்கங்களும், நாம் விடும் மூச்சும் ஒருவித எரிதலே என்பதில் வந்து முடிந்தன.

அந்தப் பாரடே யார்? இரும்புக் கொல்லர் ஒருவரின் மகன். 14-வது வயதில் புஸ்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தவர். ஜேன் மார்செட் என்னும் அம்மையார் எழுதிய ரசாயன நூலை அங்கிருந்த காலத்தில்தான் படித்தார். அந்நூல் ஓர் ஆசிரியையும் இரண்டு பெண்பிள்ளைகளும் சம்பாஷிப்பது போல எழுதப்பட்டது. அதுவும் "யாதெனில்" என்று ஆரம்பித்திருந்தால், தொழிலாளிப் பையன் அதை மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருக்கமாட்டானா?

நிற்க, ஆரம்பம் கவர்ச்சியாயிருந்தால் மட்டும் போதும் என்று நாம் சொல்ல வரவில்லை. சந்தையில் தாயத்து விற்கிறவனும் பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடுவதாகச் சொல்லித்தான் கூட்டம் சேர்க்கிறான். கடைசிவரை சண்டை நடப்பதில்லை. தாயத்து மட்டும் விற்றுப் போகிறது. பிள்ளைகளை இப்படி ஒருதரம் ஏமாற்றினால் மறுதரம் அவர்கள் நம் பக்கம் திரும்பமாட்டார்கள். முதல் வரியில் எழுப்பிய கேள்விக்குக் கடைசி வரிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலும் பிள்ளை தானே சோதித்துப் பார்க்கக்கூடியதாயிருந்தால் இன்னும் நலம்.

ஆகவே, பிள்ளைகளுக்கு எழுதும் தோழர்களுக்கு நாம் சொல்லிக்கொள்ளுவது இதுதான். முதல் வரியை எழுதினதும் அதை ஒரு பிள்ளையிடம் படித்துக் காட்டுங்கள். "அப்புறம்?" என்று கேட்டால் மேலே எழுதுங்கள். கேட்காவிட்டால் பிள்ளையைத் திருத்தப் புறப்பட வேண்டாம், வரியைத் திருத்துங்கள்.