பேர்கன் விடுதிகள்: விருந்தினர் திரும்பினர், ஊழியர்கள்?

நோர்வேயின் மேற்குக் கரையோர நகரான பேர்கனில், பழைய பங்குச்சந்தைக் கட்டிடம் 2017ஆம் ஆண்டு சொகுசு விடுதியாகத் திறக்கப்பட்டது. மறு ஆண்டு, ஹோட்டல் நொர்கே விரிவாகப் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் இயங்கத் தொடங்கியது. இந்த முதலீடுகள் பலன் தர வேண்டிய வேளையில்தான், 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்று காரணமாக நாட்டின் எல்லைகள் வெளிநாட்டவருக்கு மூடப்பட்டன.

விடுதிகளைத் தாங்கிப் பிடித்தவை இரண்டு. வெளிநாடு செல்ல இயலாத நோர்வே மக்கள் கோடை விடுமுறையை உள்நாட்டிலேயே கழித்தனர். அரசோ, தங்குமிடங்களுக்கான மதிப்புக்கூட்டு வரியை 12 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்து, அதை 2021 செப்டம்பர் வரை நீட்டித்தது. தற்காலிகமாகப் பணிநிறுத்தம் செய்யப்பட்டோருக்கு முதல் 20 நாட்களுக்கு, உச்சவரம்புக்கு உட்பட்டு, முழு ஊதியம் கிடைத்தது. அதில் 18 நாட்களின் செலவை அரசே ஏற்றது.

ஆயினும், சுவீடன் உள்ளிட்ட நாடுகளிலிருந்து வந்து பணியாற்றியோரில் பலர் தாயகம் திரும்பினர். மற்றும் பலர் வேறு தொழில்களுக்கு மாறினர். 2021 செப்டம்பரில் கட்டுப்பாடுகள் பெருமளவு நீக்கப்பட்டபோது, நாடெங்கும் சமையலாளர்களுக்கும் பரிமாறுவோருக்கும் தட்டுப்பாடு நிலவியது.

சொகுசு விடுதிக்குக் கொடுக்கும் அதிகக் கட்டணத்தில் பெரும்பங்கு சேவைக்கானது. வரிச்சலுகை விடுதியின் கணக்கைச் சரிசெய்ய உதவும். அனுபவமிக்க ஊழியர்களை அது திருப்பித் தராது. நெருக்கடிக் காலத்தில் அவர்களை எவ்வாறு தக்கவைப்பது என்பதே, கோடைப் பருவத்தைப் பெரிதும் நம்பியிருக்கும் பேர்கனின் முன்னுள்ள கேள்வி.