பரணில் கிடக்கும் துப்பாக்கி

காரைக்கால் வட்டாரத்தில் பழைய விவசாயக் குடும்பங்கள் சிலவற்றின் வீட்டுப் பரணிலோ, நெல் குதிருக்குப் பின்னாலோ ஒரு பழைய துப்பாக்கி கிடப்பது உண்டு. பாட்டனார் காலத்தில் களத்து நெல்லுக்குக் காவலாகவும், கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் பறவைகளை வெடி போட்டு விரட்டவும் வைத்திருந்தது. பாட்டனார் போய்விட்டார், லைசென்ஸ் காகிதத்தைக் கரையான் தின்றுவிட்டது. துப்பாக்கி மட்டும் இருக்கிறது. 'யாருக்கு என்ன கெடுதல், கிடக்கட்டுமே' என்று குடும்பத்தார் இருந்துவிடுகிறார்கள். இந்த அலட்சியம் ஒரு நாள் வீட்டுத் தலைவரைச் சிறைக்குக் கொண்டுபோய் விடக்கூடும் என்பதை நம் விவசாயிகள் உணரவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

துப்பாக்கி பற்றிய சட்டம் புதுச்சேரி சர்க்காரோ தமிழக சர்க்காரோ போட்டதல்ல. 1959-ம் ஆண்டு பார்லிமெண்ட் நிறைவேற்றி, 1962 அக்டோபர் முதல் அமலுக்கு வந்த மத்திய ஆயுதச் சட்டம் அது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் முன்பு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை தண்டனை. 2019 டிசம்பரில் செய்த திருத்தத்தின்படி இது குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகம் ஐந்து ஆண்டு என்றாயிற்று. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வது, விற்பது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை உண்டு. ஆகவே பட்டறையில் கொடுத்துப் பழைய குழலைச் சரி செய்ய நினைப்பவர், தம்மை மட்டுமல்லாமல் பட்டறைக்காரரையும் சேர்த்து மாட்டிவைக்கிறார்.

இச்சட்டம் கடுமையானது என்று குறை சொல்வதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். கள்ளத் துப்பாக்கிகளால் உயிர்கள் போகின்றன. பரணில் கிடப்பது திருடன் கையில் சிக்கினாலும், வீட்டுப் பிள்ளை விளையாட்டாக எடுத்தாலும் பலி கொள்ளும். ஆதலால் சட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கூலிக்குக் கொலை செய்பவனையும், அப்பா விட்டுப்போன துப்பாக்கியை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கும் மூன்று மா நிலத்துக்காரரையும் ஒரே தராசில் நிறுத்தலாமா என்பதே நம் கேள்வி.

விவசாயிக்கு உள்ள உரிமை

இதே சட்டத்தில் விவசாயிக்குச் சாதகமான பிரிவுகளும் உள்ளன. பலருக்கு இவை தெரிவதில்லை. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக, வாய் வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு ஒரு இந்தியக் குடிமகன் மனுச் செய்தால், மறுப்பதற்குத் தக்க காரணம் இல்லாதவரை லைசென்ஸ் கொடுக்கவேண்டும் என்று 13-வது பிரிவு கூறுகிறது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக்கூடாது என்று 14-வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. குத்தகைக்காரரும் சிறு விவசாயியும் இதை நினைவில் வைக்கவேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்யவேண்டும். அதன்மீது அப்பீல் செய்ய 18-வது பிரிவு வழி செய்கிறது.

ஆனால் லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்பதற்காக எதை வேண்டுமானாலும் சுடலாம் என்றில்லை. நம் வயல்களில் இன்று அதிகம் இறங்கும் மயில், 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதைச் சுட்டால் அது தனிக் கேஸ்.

காரைக்காலுக்கென்று உள்ள ஆபத்து

நம் பகுதி சுற்றிலும் தமிழக மாவட்டங்களால் சூழப்பட்டது. வடக்கே மயிலாடுதுறை மாவட்டம், மேற்கே திருவாரூர் மாவட்டம், தெற்கே நாகப்பட்டினம் மாவட்டம். வீடு திருநள்ளாறு கொம்யூனில் இருக்கும், நிலம் நன்னிலம் பக்கம் இருக்கும். ஒரு வரப்பைத் தாண்டினால் வேறு மாநிலம். லைசென்ஸில் அது எந்த எல்லை வரை செல்லும் என்று எழுதியிருக்கும். அந்த எல்லைக்கு அப்பால் துப்பாக்கியைத் தூக்கிச் சென்றால், முறையான லைசென்ஸ் உள்ளவரும் குற்றவாளியாகி விடுவார். திருமலைராயன்பட்டினத்திலிருந்து நாகூர் எட்டிப்பிடிக்கும் தூரம்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது வேறு ஊரல்ல, வேறு மாநிலம். இருபுறமும் நிலம் உள்ளவர்கள் மனுவிலேயே அதைக் குறிப்பிட்டு எல்லையை விரிவாக்கித் தரும்படி கேட்கவேண்டும்.

கேஸ் வந்துவிட்டால்

போலீசார் வீட்டில் சோதனை போட்டுத் துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் செய்யக்கூடாதது, 'சின்னக் கேஸ், ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடலாம்' என்ற பேச்சை நம்புவது. அபராதத்தோடு முடியும் குற்றமல்ல இது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் குறைந்தபட்சத் தண்டனையே இரண்டு ஆண்டு. விசேஷக் காரணங்களை எழுதிவைத்து அதற்கும் குறைவாகத் தண்டிக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அந்தக் காரணங்களை எடுத்துச் சொல்ல வக்கீல் வேண்டும்.

கைது செய்தால் காரணம் சொல்லவேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும், தமக்கு வேண்டிய வக்கீலைக் கலந்துகொள்ள விடவேண்டும். இவை அரசியல் சட்டத்தின் 22-வது விதி தரும் உரிமைகள். போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம் ஒப்புதலாகக் கோர்ட்டில் செல்லாது. ஆனால் அந்த வாக்குமூலத்தைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு அது சாட்சியமாகும். ஆகவே வக்கீல் வரும்வரை மரியாதையாகப் பேசி, பெயரும் விலாசமும் சொல்வதோடு நிறுத்திக்கொள்வது நலம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று மலைக்க வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி காவலில் இருப்பவர் எவரும் இலவச வக்கீல் கேட்கலாம். மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுக் கேட்டாலே போதும்.

வக்கீல் பார்க்கவேண்டியவை நாலைந்து உண்டு. முதலாவது, துப்பாக்கி உண்மையில் யார் வசம் இருந்தது? வீட்டில் கிடந்தது என்பது மட்டும் போதாது. அது அங்கே இருப்பது தெரிந்தும், தன் கட்டுப்பாட்டிலும் வைத்திருந்தாரா என்று பார்க்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் சொன்னது. 1994-ல் சஞ்சய் தத் வழக்கிலும் அறிந்து வைத்திருப்பதே 'வசம் வைத்திருப்பது' என்று உறுதி செய்தது. கூட்டுக் குடும்பத்தில் பெரியவர் பரணில் வைத்ததை அறியாத மருமகனை இதில் இழுக்க முடியாது.

இரண்டாவது, அது சுடக்கூடியதா? பழமையான மாதிரியோ, பழுதடைந்தோ, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படாது என்ற நிலையில் உள்ள ஆயுதத்துக்கு 45-வது பிரிவு விலக்கு அளிக்கிறது. நிபுணர் அறிக்கையில் இது தெரியவேண்டும். துரு ஏறியது என்பதாலேயே விலக்கு வந்துவிடாது. மூன்றாவது, சோதனை முறையாக நடந்ததா? அக்கம்பக்கத்துச் சாட்சிகள் இருந்தார்களா, எடுத்த பொருளுக்குச் சீல் வைத்துப் பட்டியல் கொடுத்தார்களா என்று பார்க்கவேண்டும். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி சோதனையை வீடியோ எடுக்கவும் வேண்டும். நான்காவது, 39-வது பிரிவு. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்கு வழக்கு நடத்த மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி கட்டாயம். அந்த அனுமதி இல்லையென்றால் கேஸ் நிற்காது.

அதிகாரிகள் செய்யவேண்டியது

இந்த 39-வது பிரிவில்தான் நம் கோரிக்கைக்கு விடை இருக்கிறது. ரௌடியையும் விவசாயியையும் பிரித்துப் பார்க்கும் பொறுப்பைச் சட்டமே மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்திருக்கிறது. ஆனால் தம்முன் வரும் தாளில் கையெழுத்துப் போடுவதோடு வேலை முடிந்தது என்று ஓர் அதிகாரி நினைத்தால், பிரிவு இருந்தும் பயனில்லை. இந்தத் துப்பாக்கிக்கு முன்பு லைசென்ஸ் இருந்ததா, வைத்திருந்தவர் வாரிசா, தோட்டாவும் மருந்தும் உடன் இருந்தனவா, வேறு குற்றம் ஏதும் உண்டா என்ற நான்கு கேள்விகளையும் கேட்டு, பழைய லைசென்ஸ் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்த பிறகே அனுமதி தரவேண்டும்.

அத்துடன் காலாவதியான லைசென்ஸ்களின் பட்டியலைக் கொம்யூன்வாரியாக எடுத்து, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருநள்ளாறு, திருமலைராயன்பட்டினம் ஆகிய இடங்களில் அறுவடை முடிந்த கையோடு முகாம் நடத்தி, துப்பாக்கிகளை ஒப்படைக்கவும் புதுப்பிக்கவும் ஏற்பாடு செய்யலாம். வாரிசுகளைத் தேடிப்பிடித்துக் கேஸ் போடுவதைவிட இதற்குச் செலவும் குறைவு, ஊரில் ஒளிந்திருக்கும் துப்பாக்கிகளும் வெளியே வரும்.

நாம் செய்யவேண்டியது

அதுவரை நாம் சும்மா இருக்கலாகாது. லைசென்ஸ் முடிந்துவிட்டால், அல்லது வைத்திருந்தவர் காலமாகிவிட்டால், தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ துப்பாக்கியை ஒப்படைக்கவேண்டும் என்று 21-வது பிரிவு சொல்கிறது. ஒப்படைத்தால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. குறித்த கெடுவுக்குள் லைசென்ஸ் பெற்றால் திரும்ப வாங்கலாம், உரிமை உள்ளவருக்கு விற்கவும் செய்யலாம். பல ஆண்டு தாமதமாகிவிட்டதே என்று பயப்படுபவர்கள் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாமல், முதலில் வக்கீலைப் பார்த்து, அவர் மூலம் எழுத்தில் தெரிவித்து ஒப்படைக்கவேண்டும். தேர்தல் சமயமானாலும் சரி, வேறு சமயமானாலும் சரி, ஒப்படைத்ததற்கு ரசீது இல்லாமல் வீடு திரும்பக்கூடாது. லைசென்ஸ் உள்ளவர்கள் கெடு முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்க மனுக் கொடுத்து, அதன் நகலைப் பட்டா, கிஸ்தி ரசீதுகளோடு பத்திரப்படுத்தி வைக்கட்டும்.

இந்தக் குறுவைக்கு விதை விடுமுன் ஒரு நாள் ஏணி வைத்துப் பரணில் ஏறிப் பாருங்கள். அங்கே கிடப்பது பாட்டனார் சொத்து என்று நினைத்துத் துணி சுற்றித் திரும்பவும் வைத்துவிடாதீர்கள். காகிதம் இல்லாத துப்பாக்கி பயிரைக் காக்காது, பயிரிடுபவரைத்தான் வீட்டைவிட்டுப் பிரிக்கும்.