கட்டுரை உண்டு, படம் இல்லை

மிசோகுச்சியின் படங்களில் நடித்தவராகவே கினுயோ தனாகாவைத் திரைப்பட மாணவர்கள் பெரிதும் அறிவர். 1953 முதல் 1962 வரை அவர் ஆறு படங்களை இயக்கியுமிருக்கிறார். அவற்றுள் ஒன்று, மார்பகப் புற்றுநோயால் இளவயதில் மறைந்த கவிஞர் ஃபுமிகோ நகாஜோவின் வாழ்வைத் தழுவி 1955இல் வெளிவந்தது. அதைப் பற்றி ஆய்வேடு எழுத விழையும் இந்திய மாணவி ஒருவர் வீட்டிலிருந்தபடி அதனை எங்கே பார்ப்பது?

முதல் தடை தலைப்பு. ஒரே படம் ஆங்கிலத்தில் 'தி எடர்னல் பிரெஸ்ட்ஸ்' என்றும் 'ஃபாரெவர் எ வுமன்' என்றும் வழங்குகிறது. 'சிபுசா யோ எயென் நாரே' என்னும் ஜப்பானியத் தலைப்போடு இயக்குநர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுவதே நம்பத்தக்க வழி. இரண்டாம் தடை நாட்டெல்லை. ஜப்பானியச் செவ்வியல் படங்கள் பலவற்றை வைத்திருக்கும் கிரைட்டீரியன் சேனல் அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டுமே கிடைக்கிறது. முபி இந்தியாவில் உண்டு. ஆயினும் அதன் பட்டியல் நாட்டுக்கு நாடு வேறுபடும், அவ்வப்போது மாறவும் செய்யும். ஜப்பான் ஃபவுண்டேஷன் இணையத்தில் நடத்தும் இலவசத் திரைவிழாக்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் முடிந்துவிடுகின்றன. ஆய்வுக்கோ ஒரே காட்சியை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.

'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்துக்கு இந்திய அரசு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அதன்வழி கிடைக்கின்றன. வரவேற்கத்தக்க முயற்சி அது. ஆனால் விளைவைப் பாருங்கள்: ஒரு படத்தை அலசும் கட்டுரைக்கு அரசு சந்தா கட்டுகிறது, படத்தைத் தேடும் பொறுப்பு மாணவியின் கைப்பேசிக்கும் கைப்பணத்துக்கும் விடப்படுகிறது. மூல நூலின்றி உரைகளை மட்டும் அடுக்கிய நூலகத்தை எந்த இலக்கியத் துறையும் ஏற்குமா?

படம் பார்ப்பது பொழுதுபோக்கு, அதற்கு நிறுவனம் செலவிட வேண்டியதில்லை என்ற எண்ணமே இதன் வேர். அதற்கான விலையை ஆய்வுலகம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எளிதில் கிடைக்கும் குரோசாவா மீண்டும் மீண்டும் ஆய்வுப் பொருளாகிறார்; தனாகாவோ பிறர் எழுதியதை நம்பியே மதிப்பிடப்படுகிறார். உரிமம் பெறாத நகலைப் பார்த்தவர் ஆய்வேட்டில் அதனைக் குறிப்பிடவும் தயங்குகிறார். எது கிடைக்கிறதோ அதுவே வரலாறு என்றாகிவிடுகிறது.

ஒவ்வொரு துறையும் தன் பாடத்திட்டத்திலுள்ள படங்களுக்கு உரிமம் பெற்ற வட்டுகளையோ கல்விப் பயன்பாட்டு உரிமங்களையோ நூலகக் கொள்முதல் குழுவிடம் எழுத்து மூலம் கோரலாம். பல பல்கலைக்கழகங்கள் இணைந்து கேட்டால் செலவும் பகிரப்படும். அடுத்த சந்தாப் பேச்சுவார்த்தையில் திரைப்படமும் ஆய்வு மூலமாக இடம்பெற வேண்டும்.