“இன்னுமா படிக்கிறா?” என்று கேட்காதீர்கள்

கல்யாணப் பந்தியிலும் கோயில் பிராகாரத்திலும் நம் வயதுக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “உங்க பொண்ணு இன்னுமா படிக்கிறா?” அந்தப் பெண் இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்து, பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்து நான்கு வருடம் ஆகியிருக்கும். பெற்றவர்கள் ஏதோ குற்றம் செய்துவிட்டவர்கள் போல, “இந்த வருஷம் முடிஞ்சிடும்” என்று முணுமுணுப்பார்கள்.

அந்தக் கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது. அவள் படிக்கவில்லை. வேலை பார்க்கிறாள்.

நான் சொல்லில் விளையாடவில்லை. ஆய்வு மாணவர்கள் படும் பாட்டில் பாதி, அவர்கள் செய்வதற்கு நாம் ‘படிப்பு’ என்று பெயர் வைத்ததால் வந்தது. படிப்பு என்றால் பணம் கட்ட வேண்டியவர் மாணவர். வேலை என்றால் பணம் கொடுக்க வேண்டியவர் வேலை வாங்குபவர். பெயரை மாற்றி வைத்ததில் ஒரு தலைமுறையின் இருபதுகள் முழுதும் இலவசமாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

இயற்பியல் ஆய்வு என்றால் என்ன செய்கிறார்கள் என்று பலருக்குத் தெரியாது. நம் பக்கத்துக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நிறைய நடப்பது படிக வளர்ப்பு. ஒரு வேதிப்பொருளை நீரில் கரைத்து, வெப்பநிலை மாறாமல் பார்த்து, நீரை மெல்ல மெல்ல ஆவியாகவிட வேண்டும். கற்கண்டு விளைவது மாதிரிதான். நக அளவுக்கு ஒரு நல்ல படிகம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். நடுவில் மின்சாரம் போனாலோ, யாராவது மேஜையை இடித்துவிட்டாலோ மறுபடி முதலிலிருந்து. கிடைத்ததை அறுத்து, மெருகேற்றி, சோதனைக்கு அனுப்ப வேண்டும். கருவி துறையில் இருக்காது. இருந்தாலும் பழுதாகி உறை போட்டு மூடியிருக்கும். சென்னை ஐஐடி போன்ற இடங்களுக்கு அனுப்பினால் ஒரு மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம். பல சமயம் அது மாணவரின் கைக்காசு. அதன் பிறகு கணக்கு, வரைபடம், கட்டுரை, திருத்தம், மறுபடி திருத்தம்.

இதில் படிப்பு எங்கே இருக்கிறது? பாடம் படித்துத் தேர்வு எழுதும் பகுதி ஆரம்பத்திலேயே முடிந்துவிடுகிறது. மீதி வருடங்கள் எல்லாம், உலகில் யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்கும் உழைப்பு.

“மாணவர்கள் செய்வது பயிற்சிதானே, அதெல்லாம் அசல் ஆராய்ச்சியா?” என்று கேட்பவர்கள் இயற்பியலின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிரையன் ஜோசப்சன் 1962இல் தன் பெயரால் இன்று அழைக்கப்படும் விளைவைக் கணித்தபோது 22 வயது ஆய்வு மாணவர். அதற்கு 1973இல் நோபல் பரிசு. டோனா ஸ்ட்ரிக்லேண்டுக்கு 2018இல் நோபல் வாங்கித் தந்த லேசர் வேலை, அவர் 1985இல் பிஎச்.டி. மாணவியாக இருந்து செய்தது. ஜோசலின் பெல் 1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவி. ரேடியோ தொலைநோக்கி அமைக்கக் கம்பம் நட்டு, கம்பி இழுத்தவர்களில் அவரும் ஒருவர். அது ஓட ஆரம்பித்ததும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 மீட்டர் நீளத்துக்குப் பதிவுத்தாள் வரும். அத்தனையையும் கண்ணாலேயே அலசி, அதில் இருந்த ஒரு சின்னக் கிறுக்கலை விடாமல் துரத்தினார். பல்சார் என்னும் விண்மீன் வகை அப்படித்தான் கிடைத்தது. 1974இல் நோபல் பரிசு அவருடைய நெறியாளர் ஆண்டனி ஹீவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போயிற்று. பெல் பெயர் அதில் இல்லை. ‘மாணவிதானே’ என்று சமாதானம் சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1952இல் இயற்பியல் பேராசிரியராக வந்த ஜி.என். ராமச்சந்திரனை நமக்குத் தெரியும். புரதங்களின் வடிவத்தைச் சரிபார்க்க இன்றும் உலகம் பயன்படுத்தும் ராமச்சந்திரன் வரைபடம் 1963இல் வெளிவந்தது. அந்தக் கட்டுரையில் பெயர்கள் மூன்று. மற்ற இருவர் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும், அவரிடம் ஆய்வு செய்ய வந்து சேர்ந்த இளைஞர்கள்.

இப்போது நம் விதிகளைப் பாருங்கள். யுஜிசியின் 2022ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிமுறைப்படி, ஆய்வு மாணவருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் வரை டியூட்டோரியல், ஆய்வக வகுப்பு, விடைத்தாள் மதிப்பீடு போன்ற பணிகளைக் கொடுக்கலாம். நல்லது, கொடுக்கட்டும். ஆனால் அதே யுஜிசியின் 2018ஆம் ஆண்டு ஆசிரியர் நியமன விதி என்ன சொல்கிறது தெரியுமா? பிஎச்.டி. வாங்க ஆகும் காலத்தை ஆசிரியர் பணி நியமனத்துக்குக் கற்பித்தல் அனுபவமாகவோ ஆராய்ச்சி அனுபவமாகவோ எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏற்கெனவே ஆசிரியர் வேலையில் இருந்துகொண்டு, விடுப்பு எடுக்காமல் ஆய்வு செய்பவருக்கு மட்டும் அவர் வேலை பார்த்த காலம் கணக்கில் வரும்.

அதாவது ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்தவருக்கு ஆராய்ச்சி அனுபவம் கிடையாது! வேலை வாங்கும்போது ஊழியர், கணக்குப் பார்க்கும்போது மாணவர். எந்த வியாபாரியும் இப்படி ஒரு கணக்கு எழுதத் துணிய மாட்டான்.

பணம் கொடுக்கிறார்களே என்பீர்கள். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் பெற்றவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. குறை சொல்ல முடியாத தொகைதான். ஆனால் அதற்கு முந்தைய உயர்வு 2019இல் வந்தது. அதற்காக ஆய்வு மாணவர்கள் ஊர் ஊராக வீதிக்கு வர வேண்டியிருந்தது. உயர்த்திய தொகையும் மாதம் பிறந்தால் வருவதில்லை. நான்கு மாதம், ஆறு மாதம் சேர்ந்து வரும். விடுதிக் கட்டணம் அப்படிக் காத்திருக்குமா?

இதுவும் ஜேஆர்எஃப் வாங்கிய சிலருக்குத்தான். அது இல்லாதவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகமாக இருந்தால் பல வருடங்களாக அதே 8,000 ரூபாய். 2015இல் அதையும் நிறுத்தப் பார்த்தபோது டெல்லியில் யுஜிசி அலுவலக வாசலில் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிலருக்கு ஏதோ ஒரு சிறு உதவித்தொகை. மற்றவர்களுக்கு அப்பாவின் ஓய்வூதியம், அண்ணனின் சம்பளம், இல்லாவிட்டால் அம்மாவின் நகை.

“அரசாங்கத்திடம் பணம் ஏது?” என்று ஒரு வாதம். “சம்பளம் கொடுத்தால் பத்து வருடம் உட்கார்ந்துவிடுவார்கள்” என்று இன்னொன்று. இரண்டாவதுக்குப் பதில் விதியிலேயே இருக்கிறது: பதிவு செய்ததிலிருந்து ஆறு வருடம், அதற்கு மேல் நீட்டிப்பு கேட்டுத்தான் வாங்க வேண்டும். முதலாவதுக்கு என் பதில்: வங்கியில் புரொபேஷனரி அதிகாரியாகச் சேர்பவர் முதல் நாளிலிருந்து சம்பளம் வாங்குகிறார். ஐஏஎஸ் தேறியவர் முசோரியில் பயிற்சியில் இருக்கும்போதே சம்பளம் வாங்குகிறார். எம்.டி. படிக்கும் டாக்டர் வார்டில் வேலை பார்ப்பதற்கு உதவித்தொகை வாங்குகிறார். கற்றுக்கொள்வதும் வேலை செய்வதும் சேர்ந்தே நடக்கும் என்று அங்கெல்லாம் நமக்குப் புரிகிறது. நெதர்லாந்தில் பிஎச்.டி. செய்பவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள். ஒப்பந்தம், சம்பளம், விடுமுறை எல்லாம் உண்டு. அங்கே அதனால் ஆய்வு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஊழியர் என்று எழுதிக் கொடுத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. வேலை எது, வேலை அல்லாதது எது என்று தெரிந்துவிடும். நெறியாளர் வீட்டு மின்கட்டணம் கட்டுவது, அவர் பிள்ளையை டியூஷனில் விட்டு வருவது, ரயில் டிக்கெட் எடுப்பது எல்லாம் குருபக்தி என்ற பெயரில் நடக்கின்றன. கடைசியில் வாய்மொழித் தேர்வு நாளில் துறை முழுவதற்கும் சாப்பாடு, தேர்வாளருக்குப் பொன்னாடை, பழத்தட்டு. செலவு யாருடையது? கையில் இன்னும் வேலை இல்லாத மாணவருடையது. நல்ல நெறியாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், தன் பையிலிருந்து மாணவருக்குக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒருவருடைய உழைப்புக்கு மரியாதை, மேலே இருப்பவரின் நல்ல குணத்தைப் பொறுத்து அமையக் கூடாது.

இதில் அதிகம் இழப்பவர்கள் பெண்கள். பையன் முப்பது வயது வரை ஆய்வகத்தில் இருந்தால் ‘விஞ்ஞானி’ என்கிறோம். பெண் இருந்தால் ‘வயசாகுது’ என்கிறோம். மூன்றாம் வருடத்தில் கல்யாணம், நான்காம் வருடத்தில் குழந்தை, பிறகு அந்தப் படிகம் கண்ணாடிக் குவளையிலேயே காய்ந்து போகிறது. பெண்களுக்கு 240 நாள் பேறுகால, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும், கூடுதலாக இரண்டு வருட அவகாசமும் தர விதி இடம் தருகிறது. எத்தனை மாமியார்களுக்கு அது தெரியும்? ‘வேலைக்குப் போகிறாள்’ என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தயாராக இருக்கும் வீடு, ‘படிக்கிறாள்’ என்றால் ‘போதும் படிச்சது’ என்கிறது.

விதியை மாற்ற வேண்டியவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். உதவித்தொகை மாதாமாதம் வர வேண்டும், ஆய்வுக் காலம் அனுபவமாகக் கணக்கில் வர வேண்டும், சோதனைக் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் கட்ட வேண்டும். கேட்பது இவ்வளவுதான். ஆனால் நம் கையிலும் ஒன்று இருக்கிறது. ஓய்வு பெற்ற நம்மில் பலர் படித்த கல்லூரியில் அப்பா பெயரில், அம்மா பெயரில் தங்கப் பதக்கத்துக்கு அறக்கட்டளை வைக்கிறோம். பதக்கம் அலமாரியில் கிடக்கும். அதே பணத்தை, உதவித்தொகை வராத மாதங்களில் ஓர் ஆய்வு மாணவியின் விடுதிக் கட்டணத்துக்கோ, அவள் அனுப்பும் மாதிரிகளின் சோதனைக் கட்டணத்துக்கோ என்று எழுதி வையுங்கள். 2018இல் ஜோசலின் பெல்லுக்குத் தாமதமாக ஒரு பெரிய பரிசு வந்தது, 30 லட்சம் டாலர். அவர் அதில் ஒரு காசு வைத்துக்கொள்ளவில்லை. முழுவதையும் இயற்பியலில் பிஎச்.டி. செய்ய வசதியும் வாய்ப்பும் குறைந்தவர்களுக்காகக் கொடுத்துவிட்டார்.

நம்மால் அவ்வளவு முடியாது. அடுத்த பந்தியில், “உங்க பொண்ணு எதைப் பத்தி ஆராய்ச்சி பண்றா?” என்று கேட்கவாவது முடியும்.