மனச்சிதைவு நோயும் "சோம்பேறி" என்ற பட்டமும்



மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளைகளைப் பற்றி நம்மூரில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "இப்ப சத்தம் ஒண்டும் கேக்கல்லயாம், வருத்தம் சுகம்தானே. பொறகு ஏன் ஒரு வேலையும் செய்யாம இரிக்கான்? சோம்பேறித்தனம்தான்."

இந்தப் பேச்சு நிற்க வேண்டும் என்பது எமது கருத்து. காரணத்தைச் சொல்கிறோம், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

ஸ்கிசோஃப்ரினியா என்று டொக்டர்மார் சொல்லும் இந்த நோய், உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் ஏ.எல். படிக்கும் வயதிலோ இருபதுகளிலோ ஆரம்பிக்கும். இல்லாத குரல் கேட்பதும் வீண் சந்தேகமும்தான் வெளியே தெரியும். அதனால்தான் ஜின், செய்வினை என்று பலர் ஓடுகிறார்கள். ஆனால் வெளியே தெரியாத இன்னொரு பகுதி உண்டு. ஞாபகம், கவனம், திட்டமிடல், யோசிக்கும் வேகம் எல்லாம் குறைகின்றன. குரல்களை அடக்கும் மாத்திரைகள் இந்தப் பகுதிக்குப் பெரிதாக உதவுவதில்லை.

நான்கு சாமான் வாங்க அனுப்பினால் இரண்டோடு வருவது, குத்பாவை இடையிலே தவறவிடுவது, ஒரு வேலையை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பது எல்லாம் இதுதான். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஐந்து அறிவுறுத்தல்களை ஒரே மூச்சில் சொன்னால் என்ன நடக்கும் என்பது ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையை யாரும் சோம்பேறி என்பதில்லை.

இதில் உடம்புக்கும் பங்குண்டு. காயம் பட்ட இடம் சிவந்து வீங்குகிறதே, அதுதான் அழற்சி. சிலருக்கு அது வெளியே தெரியாமல், அணையாத தணல் போல உடம்பு முழுக்க நீடிக்கும். காய்ச்சலுக்குப் போனால் எழுதித் தரும் சீ.ஆர்.பி. டெஸ்ட் இதைத்தான் அளக்கிறது. மனச்சிதைவு உள்ளவர்களில் சீ.ஆர்.பி.யும் இன்டர்லியூகின்-6 என்ற பொருளும் மற்றவர்களைவிடச் சராசரியாகக் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அவை கூடியவர்களில் ஞாபகமும் கவனமும் ஓரளவு குறைவாக இருப்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

மூளைக்குள் மைக்ரோக்லியா என்ற காவல் கலங்கள் இருக்கின்றன. நரம்புக் கலங்களுக்கு இடையிலான இணைப்புகளைக் கத்தரித்து ஒழுங்குபடுத்துவதும் அவற்றின் வேலை. நோயெதிர்ப்போடு தொடர்புடைய சீ4 என்ற மரபணுவின் சில வடிவங்கள் இந்நோயின் ஆபத்தைக் கூட்டுவதை 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். எலிகளில் அந்த மரபணு இந்தக் கத்தரிப்பிலும் பங்கெடுத்தது. கத்தரிப்பு அளவுக்கு மிஞ்சிவிடுகிறதா என்பதுதான் இப்போதைய கேள்வி.

அதற்காக, அழற்சிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். எல்லா நோயாளிகளிலும் அது கூடியிருப்பதில்லை. சிகரட், உடற்பருமன், சீனி வருத்தம், தூக்கமின்மை ஆகியவையும் அழற்சியைக் கூட்டும். அழற்சியைக் குறைக்கக்கூடிய மினோசைக்ளின் மருந்தை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்த பிரித்தானிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. பலன் கிடைக்கவில்லை. ஆகவே பாமசியில் கேட்டு வாங்கவோ, மாத்திரையை நிறுத்திவிட்டு மஞ்சள் கசாயம் கொடுக்கவோ வேண்டாம்.

நம்மால் செய்யக்கூடியவை இவை:

கிளினிக் போகும்போது நிறை, சீனி, கொலஸ்ட்ரோல், பிரஷர் பார்க்கும்படி கேளுங்கள். சில மாத்திரைகள் நிறையைக் கூட்டும். பல் ஈறு வருத்தமும் அழற்சிதான், பல் டொக்டரிடமும் காட்டுங்கள்.

சிகரட்டை விடுவது நல்லது. ஆனால் குளோசபின் எடுப்பவர் விட நினைத்தால் முதலில் டொக்டரிடம் சொல்ல வேண்டும், இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். அவருக்குக் காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

உடற்பயிற்சி இவர்களின் சிந்திக்கும் திறனுக்கு உதவுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அஸருக்குப் பிறகு நடக்கப் போகும் நானாமார், அந்தத் தம்பியையும் கூப்பிட்டுப் போங்கள். வீட்டிலிருக்கும் தங்கச்சியை ராத்தாமார் கூட்டிப் போங்கள்.

வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். துண்டில் எழுதிக் கொடுங்கள். சாமான்களை ஒரே இடத்தில் வையுங்கள்.

ஓதிப் பார்ப்பதற்கு நாம் எதிரானவர்கள் அல்ல. ஓதுங்கள், துஆக் கேளுங்கள், மருந்தையும் கொடுங்கள். வருத்தத்துக்கு மருந்து செய்யச் சொன்ன மார்க்கம்தானே நம்முடையது. மருந்தை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

பள்ளிவாசல் நிருவாகங்களிடமும் கடை முதலாளிமாரிடமும் ஒரு வேண்டுகோள். இவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியால வேலை, ஒரே மாதிரியான வேலை, கொடுத்துப் பாருங்கள். முழு நாள் வேலை முடியாது என்பதற்காக ஒரு வேலையும் முடியாது என்று ஆகிவிடாது. "சோம்பேறி", "விசர்" என்று தினமும் கேட்கும் பிள்ளை வீட்டுக்குள் முடங்கும், மருந்தையும் விடும். அந்த நட்டம் நம் எல்லோருக்கும்தான்.

யாரிடம் கேட்பது என்று தெரியாத குடும்பங்கள் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம். தெரிந்த வீடுகளுக்கு இதை எத்திவையுங்கள்.

அல்லாஹ் நோயாளிகளுக்கு ஷிபாவையும், அவர்களைப் பார்க்கும் உம்மா வாப்பாமாருக்குப் பொறுமையையும் தருவானாக.