வயிற்றைக் கழுவுகிறேன் பேர்வழி...

பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் முடிந்து, மதுரை பெரியாஸ்பத்திரியிலிருந்து உசிலம்பட்டி வழியாக எழுமலை வந்து இறங்குகிறார் ஒரு அக்கா என்று வைத்துக்கொள்வோம். தையல் ஆறிவிட்டது. வயிறு மட்டும் பழைய வயிறாக இல்லை. சாப்பிட்டதும் உப்புசம், ஏப்பம். சில நாள் கைகழுவக்கூட நேரமில்லாமல் கொல்லைப்பக்கம் ஓட வேண்டியிருக்கிறது.

"மயக்க மருந்தெல்லாம் உள்ளயே தங்கிருக்கும்த்தா. ஒருவாட்டி வயித்தைக் கழுவிட்டா சரியாப் போயிரும்" என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அன்று சாயங்காலமே வாட்ஸப்பில் ஒரு வீடியோ வருகிறது. ஏழே நாளில் குடல் சுத்தமாம், கல்லீரல் சுத்தமாம், ஒரு பாட்டில்தானாம். பெரியம்மா சொன்னது பாசம். வீடியோ சொன்னது வியாபாரம். இரண்டும் ஒரே வார்த்தையைச் சொல்வதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பித்தநீரைத் தயாரிப்பது பித்தப்பை அல்ல, கல்லீரல். ஒரு நாளைக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர். பித்தப்பை அதைச் சேர்த்துவைத்து, எண்ணெய்ச் சாப்பாடு உள்ளே வரும்போது பீய்ச்சிவிடும் ஒரு சின்னத் தொட்டி. தொட்டியை எடுத்துவிட்டால் பித்தநீர் எந்நேரமும் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சிலருக்குச் சால்னா மிதக்கும் புரோட்டா சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது, கலக்குகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் உடம்பு பழகிக்கொள்ளும். பழகாதவர்களுக்குப் பெருங்குடலுக்குப் போகும் பித்த அமிலத்தைக் கட்டிப்போட மருந்தே இருக்கிறது.

இதில் 'கழிவு' எங்கே வந்தது? 'நச்சு' எங்கே வந்தது? மயக்க மருந்தை நுரையீரலும் கல்லீரலும் சிறுநீரகமும் சேர்ந்து ஓரிரு நாளில் வெளியேற்றிவிடும். பாட்டிலுக்காக அது மாதக்கணக்கில் காத்துக்கொண்டிருப்பதில்லை.

இந்த 'நச்சு' என்ற வார்த்தையைப் பிடித்து உலுக்கிப் பார்த்தவர்களும் உண்டு. 2009ல் இங்கிலாந்தில் இளம் விஞ்ஞானிகள் குழு ஒன்று, டீடாக்ஸ் என்று விற்கப்பட்ட 15 பொருட்களை எடுத்துக்கொண்டு, எந்த நச்சை எப்படி நீக்குகிறீர்கள் என்று கம்பெனிகளையே கேட்டது. டீடாக்ஸ் என்ற சொல்லுக்கு இரண்டு கம்பெனிகள்கூட ஒரே விளக்கம் சொல்லவில்லை! 2015ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் பார்த்தார்கள். கடையில் விற்கும் டீடாக்ஸ் உணவுமுறை எதையும் முறையாக இரு பிரிவாகப் பிரித்துச் சோதித்த ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எடை தெரியாத சரக்கு, அளவு தெரியாத லாபம். எந்தக் கணக்குப்பிள்ளை இதை லெட்ஜரில் ஏற்றுவார்?

"இல்ல தம்பி, கல்லு கல்லா வெளிய வந்துச்சு, கண்ணால பாத்தாங்க" என்பார்கள். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்து குடிக்கும் 'கல்லீரல் கழுவல்' கதை அது. 2005ல் லான்செட் மருத்துவ இதழில் இதற்கும் பதில் வந்துவிட்டது. நியூசிலாந்தில் 40 வயதுப் பெண் ஒருவர் 600 மில்லி எண்ணெயும் 300 மில்லி எலுமிச்சைச் சாறும் குடித்து, பச்சைப் பச்சையாக வந்த 'கற்களை' டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார். சோதித்தால் அதில் கொழுப்பு அமிலம்தான் முக்கால்வாசி. கொலஸ்டிராலும் இல்லை, கால்சியமும் இல்லை. குடித்த எண்ணெயே வயிற்றுக்குள் சோப்பாக மாறி உருண்டு வந்திருக்கிறது. நிஜக் கல்லை ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பித்தப்பையே இல்லாத ஒருவர், எண்ணெய் தாங்காத வயிற்றில் அரை லிட்டருக்கு மேல் எண்ணெய் ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா?

அடுத்து வருவது பாரம்பரியம். "நம்ம தாத்தா பாட்டி பேதிக்கு எடுக்கலையா?" எடுத்தார்கள். விளக்கெண்ணெய், கடுக்காய், நிலாவரை எல்லாம் வீட்டிலேயே இருந்தவை. தேரையர் பெயரில் வழங்கும் நோய் அணுகா விதிகளில் நாலு மாதத்துக்கு ஒருமுறை பேதி என்று இருப்பதும் உண்மை. ஆனால் அது நோய் வராமல் காக்கச் சொன்ன விதி. வயிற்றைத் திறந்து தைத்தவருக்கு எழுதிய சீட்டு அல்ல. சித்த வைத்தியர்கூட நாடி பார்க்காமல், உடம்பின் பலம் பார்க்காமல் பேதி மருந்தைக் கையில் கொடுக்கமாட்டார். வாட்ஸப் வைத்தியருக்கு நாடியும் வேண்டாம், நோயாளியும் வேண்டாம், ஜிபே நம்பர் போதும்.

'பலன் இல்லாட்டியும் கெடுதல் இல்லையே' என்பதுதான் இருப்பதிலேயே மோசமான வாதம். கெடுதல் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றுக்குள் குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடைப்பு வரலாம். மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரலாம். வயிறு வீங்கி, வாந்தி எடுத்து, காற்றுகூடப் பிரியாத அந்த நேரத்தில் பேதி மருந்து கொடுப்பது மூடிய குழாயில் மோட்டாரைப் போடுவது போல. பித்தநாளத்தில் கல் தங்கிவிட்டால் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் வரும். அந்த மஞ்சளைப் பார்த்து 'கழிவு வெளியேறுது' என்று தைரியம் சொல்கிறவரை என்ன செய்வது? சுகர் மாத்திரை போடுகிறவர் ஏழு நாள் ஜூஸில் இருந்தால் சர்க்கரை தாறுமாறாகும். பேதியில் தண்ணீரோடு பொட்டாசியமும் போகும். இதயம் துடிப்பதற்கே அது வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய நஷ்டம் நாட்கள். பாட்டில் முடியும்வரை பார்ப்போம் என்று தள்ளிப்போடும் அந்த நாட்கள்.

அப்படியானால் தப்பு அந்த அக்காவுடையதா? இல்லவே இல்லை. மதுரைக்குப் போனால் ஒருநாள் கூலி போச்சு, பஸ் செலவு, வரிசை. உள்ளே போனால் இரண்டு நிமிடம். 'கொழுப்பு குறைச்சுச் சாப்பிடுங்க, கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும், இன்ன இன்ன வந்தா உடனே வாங்க' என்ற மூன்று வரியைத் தமிழில் எழுதிக் கொடுக்க நேரமில்லாத மருத்துவம் அங்கே. அரைமணி நேரம் போனில் பொறுமையாகக் கதை கேட்கும் ஏஜென்ட் இங்கே. ஜனம் எங்கே போகும்? டாக்டர்கள் விட்ட இடத்தைத்தான் பாட்டில் பிடித்திருக்கிறது. இதை டாக்டர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. பித்தப்பைக் கல்லைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதே 1954ம் வருடத்து மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். அதனால்தான் புத்திசாலி வியாபாரி நோயின் பெயரைச் சொல்லாமல் 'கழிவு நீக்கம்' என்கிறார். பாட்டிலில் இருக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் உணவு வியாபாரத்துக்கான லைசென்ஸ், அவ்வளவுதான். நோய் தீரும் என்று அரசு கொடுத்த சர்டிபிகேட் அல்ல.

அந்த அக்காவுக்கு வேண்டியது கழுவல் அல்ல. கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளைச் சாப்பாடு, எண்ணெய் குறைத்த இட்லி, ரசம் சாதம், போதுமான தண்ணீர், கொஞ்சம் நடை. அதற்கும் அடங்காவிட்டால் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கத்தி வைத்த டாக்டரிடமே மறுபடி ஒரு நடை. காய்ச்சல், மஞ்சள் கண், நிற்காத வாந்தி, தாங்க முடியாத வலி என்றால் அந்த நடைக்கும் காத்திருக்கக் கூடாது, 108தான்.

கல்லீரல் சம்பளம் கேட்காமல் தினமும் சுத்தம் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதன் பெயரில் வசூல் பண்ணுகிறவர்களைத்தான் முதலில் கழுவி ஊற்ற வேண்டும்.